வளர்ந்துகொண்டே இருக்கும் நகரத்தை எப்படி அளப்பது?

கேள்வி இது: முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் ஒருவர், வேகமாக நகரமாகிவரும் பகுதிகளின் போக்குவரத்தைப் புவியியல் நோக்கில் ஆராய விரும்புகிறார். நெறியாளரோ, "அங்கெல்லாம் தரவே கிடைக்காது, வேறு தலைப்பு பாருங்கள்" என்கிறார். தரவு இல்லாததுதான் உண்மையான சிக்கலா, அதற்கு மேலும் ஏதாவது இருக்கிறதா?

நெறியாளர் சொல்வது பாதி சரி. தரவு குறைவுதான். ஆனால் நாளைக்கே யாராவது ஒரு மூட்டைத் தரவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாலும் சிக்கல் தீராது. இந்தத் துறை பயன்படுத்தும் அடிப்படைச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: நகரம், பயணம், நிறுத்தம், வழித்தடம், குடும்பம், வேலையிடம். இவை எல்லாம் ஏற்கெனவே வளர்ந்து முடிந்து, ஓரளவு அசையாமல் நின்றுவிட்ட நகரங்களில் பிறந்தவை. பத்தாண்டுகளில் இரட்டிப்பாகும் ஒரு நகரத்தின் மேல் அவற்றை வைத்தால் எதுவும் சரியாகப் பொருந்துவதில்லை. அளவுநாடாவை விரித்து முடிப்பதற்குள் அளக்க வந்த பொருள் வளர்ந்துவிடுகிறது. என் பார்வையில் இதுதான் தலையாய சிக்கல். தரவுப் பஞ்சம் அதன் ஒரு கிளை.

முதலில் நகரம் எங்கே முடிகிறது என்று பார்ப்போம். ஐக்கிய நாடுகள் சபையின் 2018 கணிப்பின்படி உலக மக்களில் 55 விழுக்காட்டினர் நகரவாசிகள். 2050-இல் இது 68 விழுக்காடாகும். கூடப்போகும் நகர மக்களில் 35 விழுக்காட்டினர் இந்தியா, சீனா, நைஜீரியா ஆகிய மூன்றே நாடுகளில் இருப்பார்கள். இந்த எண்களை எல்லாரும் முன்னுரையில் எழுதுவார்கள். ஆனால் ஒவ்வொரு நாடும் "நகரம்" என்பதைத் தனக்கு வேண்டியபடி வரையறுத்துக்கொண்டு கொடுத்த கணக்கு இது என்பதைப் பலர் எழுதுவதில்லை. இந்தியாவில் 5,000 பேருக்கு மேல் மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினர் விவசாயம் அல்லாத வேலையில் இருப்பது ஆகிய மூன்றும் இருந்தால், ஊராட்சியாகவே நிர்வகிக்கப்படும் ஊரும் கணக்கெடுப்பில் நகரமாகிவிடும். இப்படிப்பட்ட "கணக்கெடுப்பு நகரங்கள்" 2001-இல் 1,362, 2011-இல் 3,894. பத்து ஆண்டில் ஏறக்குறைய மும்மடங்கு. இவற்றில் நகராட்சி கிடையாது. ஆகவே பெரும்பாலும் நகரப் பேருந்து இல்லை, சாலைத் திட்டம் இல்லை, போக்குவரத்துக் கணக்கெடுப்பு அலுவலரும் இல்லை. ஆய்வாளர் மிக அதிகமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கோப்புகள் மிகக் குறைவாக இருக்கும் இடமும் இதுதான்.

புவியியலாளர் டெரி மெக்கீ 1990-களின் தொடக்கத்தில் இந்தோனேசிய மொழியிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார்: தேசகோத்தா. 'தேச' என்றால் கிராமம், 'கோத்தா' என்றால் நகரம். நெல்வயலுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே வேலி இல்லாமல் இரண்டும் கலந்து கிடக்கும் நிலப்பரப்பு அது. அங்கே வாழும் ஒருவர் காலையில் களையெடுத்துவிட்டு மதியம் பட்டறைக்குப் போவார். அவருடைய பயணத்தை நகரப் பயணத்தில் சேர்ப்பதா, ஊரகப் பயணத்தில் சேர்ப்பதா? நம் வகைப்பாட்டில் அவருக்கு இடமே இல்லை. 2020 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் எல்லா நாட்டுக்கும் பொதுவான ஓர் அளவுகோலை ஏற்றது. நாட்டின் மேல் ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களை விரித்து, கட்டத்துக்கு 1,500 பேருக்குக் குறையாமல் தொடர்ச்சியாக அமைந்து, மொத்தம் 50,000 பேரைத் தொட்டால் அது நகர மையம். ஒப்பீட்டுக்கு இது பெரிய உதவி. ஆனால் நிதி ஒதுக்குவதும் பேருந்துக்கு அனுமதி தருவதும் பழைய நிர்வாக எல்லைப்படிதான் நடக்கின்றன. ஆகவே ஆய்வாளருக்கு எப்போதும் இரண்டு வரைபடங்கள் கையில் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது.

எல்லை தெரிந்தாலும் உள்ளே எத்தனை பேர்? நைஜீரியாவின் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2006-இல் நடந்தது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் 1984. இந்தியாவில் 2021-இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போனது. இதில் வெறும் சோம்பல் மட்டும் இல்லை. 2006-இல் நைஜீரியாவின் லாகோஸ் மாநிலத்தில் சுமார் 90 லட்சம் பேர் என்றது தேசியக் கணக்கு. மாநில அரசு தானே எண்ணி 1 கோடியே 75 லட்சம் என்றது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேறுபாடு! தலைக்கு எத்தனை பயணம், ஆயிரம் பேருக்கு எத்தனை பேருந்து, லட்சம் பேருக்கு எத்தனை விபத்து என்று நாம் போடும் ஒவ்வொரு வகுத்தலிலும் கீழே நிற்கும் எண் இதுதான். அது அரசியல் சண்டையில் இருக்கும்போது, மேலே இருக்கும் எண்ணை எவ்வளவு நுட்பமாக அளந்து என்ன பயன்? நிதிப் பங்கீடும் தொகுதி எண்ணிக்கையும் தலையெண்ணிக்கையைச் சார்ந்திருக்கும் வரை இந்தச் சண்டை ஓயாது.

அடுத்தது கணிப்பு மாதிரிகள். போக்குவரத்துத் திட்டமிடலின் ஆதாரமான நான்கு படி மாதிரி 1950-களில் டெட்ராய்ட், சிகாகோ பெருநகர ஆய்வுகளில் உருப்பெற்றது. எத்தனை பயணம் கிளம்பும், எங்கே போகும், எதில் போகும், எந்த வழியில் போகும் என்பவை அந்த நான்கு படிகள். அதற்குள் ஒரு மறைமுக அனுமானம் உண்டு: நிலப் பயன்பாடு நமக்கு முன்பே தெரியும், அல்லது திட்ட வரைபடத்தில் இருப்பதுபோலவே நடக்கும். வேகமாக வளரும் பகுதியில் திட்ட வரைபடத்துக்கும் மண்ணுக்கும் உள்ள தொடர்பு சில சமயம் பெயரளவில்தான். பசுமை வளையம் என்று தீட்டிய இடத்தில் வீட்டுமனை விற்றுக்கொண்டிருப்பார்கள். வீடு முதலில் வரும், சாலை பிறகு வரும், அனுமதி கடைசியில் வரும். நான்கு படி மாதிரி எதிர்பார்ப்பதோ நேர் எதிரான வரிசையை.

அதோடு நேரமும் ஒரு தொல்லை. பெரிய வீட்டுவாரிப் பயணக் கணக்கெடுப்பு ஒன்றைத் திட்டமிட்டு, ஆட்களைப் பயிற்றுவித்து, வீடு வீடாகப் போய், பதிவேற்றி, சரிபார்த்து வெளியிட இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிவிடும். மெதுவாக மாறும் நகரத்தில் அது பரவாயில்லை. இங்கே அறிக்கை அச்சாகும் நாளில் அதில் உள்ள புறநகர் வேறொரு புறநகராகி இருக்கும். ஒருமுறை எடுப்பதைவிட, விடாமல் எடுப்பதுதான் மதிப்புள்ளது என்பதற்கு பிரேசிலின் சாவோ பாவ்லோ நல்ல சாட்சி. அங்கே மெட்ரோ நிறுவனம் 1967 தொடங்கி 1977, 1987, 1997, 2007, 2017 என்று பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் பயணக் கணக்கெடுப்பு நடத்தியிருக்கிறது. நகரம் பொங்கி வளர்ந்த காலமும், பிறகு வேகம் தணிந்த காலமும் ஒரே அளவுகோலில் பதிவாகியிருக்கின்றன. ஆய்வாளர்கள் சாவோ பாவ்லோவை மீண்டும் மீண்டும் எழுதுவதற்குக் காரணம் அந்த நகரத்தின் அழகு இல்லை, இந்த அட்டவணைகள்தான்!

சரி, எதை எண்ணுகிறோம்? "நேற்று எத்தனை பயணம் செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மோட்டார் வாகனத்தில் போனதை மட்டும் சொல்வார்கள். இருபது நிமிடம் நடந்து தண்ணீர் எடுத்து வந்ததையோ, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே சந்தைக்குப் போனதையோ பயணம் என்று யாரும் நினைப்பதில்லை. வினாத்தாளும் அவர்களுக்கு ஒத்துப்போகிறது; பல கணக்கெடுப்புகளில் குறுகிய நடை விலக்கப்படும், அல்லது பேருந்துக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்ட வால் ஆகிவிடும். ஏழை நகரங்களில் மிகப் பெரிய பங்கு நடைக்குத்தான் என்பதால் இந்த விடுபடல் சின்ன விஷயம் கிடையாது. பெண்களின் பயணம் இதில்தான் அதிகம் காணாமல் போகிறது. வீட்டிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து வீட்டுக்கு என்ற நேர்கோட்டில் அவர்கள் நாள் போவதில்லை. ஒரே சுற்றில் நான்கு இடம் தொட்டு, ஒவ்வொன்றும் சிறு தூரமாக இருக்கும். இந்தியாவின் 2011 கணக்கெடுப்பு வேலைக்குப் போகும் தூரத்தையும் வாகனத்தையும் கேட்டது பாராட்டத்தக்கது. ஆனால் விவசாயமோ வீட்டுத் தொழிலோ அல்லாத "பிற தொழிலாளர்" என்ற பிரிவினரிடம் மட்டும் கேட்டது. சம்பளமில்லாத வேலைக்காக அலைபவர்களின் கிலோமீட்டர்கள் எந்த நெடுவரிசையிலும் ஏறவில்லை.

ஸ்வீடன் புவியியலாளர் டார்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970-இல் முன்வைத்த நேரப் புவியியல் இதற்கு இன்னும் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். ஒருவர் எங்கே போனார் என்பதை விட்டுவிட்டு, கையில் இருக்கும் நேரத்துக்குள் எங்கெல்லாம் போயிருக்க முடியும் என்று அது கேட்டது. மாலை ஆறு மணிக்குள் தண்ணீர் வரும், பிள்ளை நாலு மணிக்கு வரும் என்றால் ஒரு தாயின் நகரம் எவ்வளவு சுருங்கும் என்று அதில் வரைந்து காட்டலாம். ஐம்பது ஆண்டுக்கு முன் மெழுகுத்தாளில் வரைந்ததை இன்று கணினியில் எளிதாகச் செய்யலாம், ஆனால் செய்பவர்கள் குறைவு.

இப்போது இந்தத் துறையின் மிகச் சுவையான பகுதிக்கு வருகிறேன்: தனியார் சிற்றுந்துகள், பகிர்வு வண்டிகள், மோட்டார் பைக் டாக்சிகள். வளரும் நகரங்கள் பலவற்றில் மக்களைச் சுமப்பது இவைதான். அரசு ஆவணத்திலோ இவை "முறைசாராப் போக்குவரத்து" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடும். கென்யாவின் நைரோபியில் ஓடும் மட்டாட்டு சிற்றுந்துகளை எடுத்துக்கொள்வோம். 2010-களின் தொடக்கம் வரை அவற்றின் வழித்தடங்களுக்கு முழுமையான பொது வரைபடம் கிடையாது. நகரமே அதை நம்பி வாழ்ந்தது, ஆனால் அது ஓட்டுநர்கள் மனத்திலும் பயணிகள் பழக்கத்திலும் மட்டுமே இருந்தது. நைரோபிப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் எம்ஐடியும் கொலம்பியா பல்கலைக்கழகமும் ஒரு வடிவமைப்புக் குழுவும் சேர்ந்து, மாணவர்களைக் கைப்பேசியோடு வண்டிகளில் ஏற்றி, நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட வழித்தடங்களைப் பதிவு செய்தன. 2014-இல் வரைபடம் வெளிவந்தது. டிஜிட்டல் மட்டாட்டுஸ் என்று இந்த முயற்சியைச் சொல்வார்கள்.

அதில் என்னை ஈர்த்தது வரைபடத்தைவிட, அதைச் செய்யும்போது வந்த இடறல்கள். பேருந்துத் தரவை உலகம் முழுக்க எழுதிவைக்கும் வடிவம் ஜிடிஎஃப்எஸ். 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரின் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. நிறுத்தம் இன்ன இடம், வண்டி இன்ன நேரம், கட்டணம் இவ்வளவு என்று அது எதிர்பார்க்கும். மட்டாட்டுவில் கைகாட்டிய இடம் நிறுத்தம். நிறைந்தால் புறப்படும் நேரம். மழை பெய்தால் கட்டணம் ஏறும். நெரிசல் கண்டால் ஓட்டுநர் சந்துக்குள் திரும்பிவிடுவார். இதை அந்தக் கட்டங்களில் எப்படி எழுதுவது? குழு வடிவத்தையே சற்று வளைத்துக்கொண்டது. மணிக்கணக்கை விட்டு, எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்ற இடைவெளியைப் பிடித்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. வடிவத்துக்குள் அடங்காத ஒவ்வொன்றையும் "ஒழுங்கின்மை" என்று எழுதிவிடும் சோதனை ஆய்வாளருக்கு உண்டு. ஆனால் நிறைந்தால் புறப்படுவதும் ஓர் ஒழுங்கு. மானியமே இல்லாமல் ஓடும் வண்டிக்கு அதுதான் கணக்கு. அதை விளங்கிக்கொள்ளாமல் கால அட்டவணை போடச் சொன்ன சீர்திருத்தங்கள் பல இடங்களில் தடுக்கி விழுந்திருக்கின்றன.

வரைபடம் வந்தபின் இன்னொரு தொல்லை. அது பழசாகும். புதிய குடியிருப்பு வந்தால் புது வழித்தடம், காவல் கெடுபிடி கூடினால் வேறு வழி, ஓர் உரிமையாளர் சங்கம் இன்னொன்றோடு மோதினால் வேறொன்று. ஒருமுறை செய்ய நன்கொடை கிடைக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க யார் தருவார்? பல நகரங்களில் இதே கதைதான். கொஞ்சம் வேறு மாதிரியான முறிவும் உண்டு. 2020 பிப்ரவரியில் லாகோஸ் அரசு முக்கியச் சாலைகளிலும் பல பகுதிகளிலும் மோட்டார் பைக் டாக்சிகளையும் மூன்று சக்கர வண்டிகளையும் தடை செய்தது. அதற்கு முந்தைய மாதம் வரை யாராவது அங்கே தரவு சேகரித்துக்கொண்டிருந்தால் அந்த ஆய்வுப் பொருளே ஓர் ஆணையில் மாறிப்போயிருக்கும். இந்தத் தொழிலில் தகவல் கேட்பதும் லேசில்லை. தினம் எவ்வளவு வசூல், யாருக்கு எவ்வளவு கப்பம் என்பது வண்டிக்காரருக்குப் பிழைப்பு ரகசியம். வரி அதிகாரிக்கும் ஆய்வாளருக்கும் அவர் பார்வையில் வித்தியாசம் குறைவு. நீங்கள் வெளியிடும் வழித்தட வரைபடமே நாளைக்குக் கெடுபிடிக்கு வழிகாட்டியாகலாம். எதை வெளியிடக் கூடாது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

"அதான் கைப்பேசியும் செயற்கைக்கோளும் இருக்கிறதே, இனி கணக்கெடுப்பு எதற்கு?" என்பார்கள். அதில் நிஜமான வலிமை உண்டு. ஜகார்த்தா நல்ல உதாரணம். அங்கே முக்கியச் சாலைகளில் நெரிசல் நேரத்தில் காரில் மூவராவது இருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. எண்ணிக்கைக்கு ஆள் சேர்க்க, கூலிக்குக் காரில் ஏறி உட்காரும் ஆட்கள் சாலையோரம் காத்திருப்பார்கள், கைக்குழந்தையோடும் நிற்பார்கள். 2016-இல் அந்த விதி திடீரென நீக்கப்பட்டது. ஆய்வாளர்கள் கூகுள் மேப்ஸிலிருந்து விடாமல் பயண நேரத்தைக் கேட்டு வாங்கியிருந்ததால், விதி போனபின் ஒரு கிலோமீட்டரைக் கடக்கும் தாமதம் காலையில் 2.1 நிமிடத்திலிருந்து 3.1-ஆகவும், மாலையில் 2.8-லிருந்து 5.3-ஆகவும் உயர்ந்ததைக் காட்ட முடிந்தது. பயனற்றது என்று எல்லாரும் கேலி செய்த விதி உண்மையில் வேலை செய்துகொண்டிருந்தது. சாலையோரக் கருவி ஒன்றுகூட வைக்காமல் இது தெரிந்தது. இந்தியாவின் 154 பெருநகரங்களில் 2 கோடியே 20 லட்சம் கற்பனைப் பயணங்களை இணைய வரைபடச் சேவையிடம் கேட்டுச் செய்த இன்னோர் ஆய்வு, ஒரு நகரம் மெதுவாகவும் இன்னொன்று வேகமாகவும் இருப்பதற்கு நெரிசலைவிட, நெரிசலே இல்லாத நேரத்திலும் உள்ள மந்தமே பெரிய காரணம் என்று கண்டது. அதாவது நள்ளிரவிலும் சில நகரங்கள் மெதுவானவை. சாலை அமைப்பும் தரமும் பேச வேண்டிய இடத்தில் நாம் நெரிசலையே பேசிக்கொண்டிருந்தோம்.

ஆனால் இந்தக் கண் யாரைப் பார்க்கிறது? வண்டி வேகத்தைத் தெளிவாகப் பார்க்கும். நடப்பவரை மங்கலாகப் பார்க்கும். கைப்பேசி இல்லாதவரைப் பார்க்கவே பார்க்காது. ஒரே பேசியை மூவர் பகிர்ந்தால் மூவரும் சேர்ந்து ஒரே ஆள். ஒருவர் மூன்று சிம் வைத்திருந்தால் அவர் மூன்று ஆள். எதற்காகப் போனார் என்பதையும் அது சொல்லாது. மருத்துவமனைக்கு அருகே நின்ற புள்ளி நோயாளியா, காவலாளியா, பூ விற்பவரா? தனியுரிமைச் சிக்கல் இன்னும் ஆழமானது. 2013-இல் 15 லட்சம் பேரின் பதினைந்து மாதக் கைப்பேசிப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் இருந்தால் 95 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று காட்டினார்கள். பெயரை நீக்கிவிட்டோம் என்று சொல்லித் தப்ப முடியாது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் பலவீனமாக உள்ள நாடுகளில் இந்தத் தரவு எளிதாகக் கிடைக்கிறது என்றால், அதைக் கொண்டாடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தவிர, நிறுவனம் கொடுத்தால் உண்டு. கொள்கையை மாற்றினால் அடுத்த ஆண்டு இல்லை. உங்கள் முனைவர் பட்டம் ஒரு தனியார் நிறுவனத்தின் விலைப்பட்டியலில் தொங்கக் கூடாது.

காரணகாரியச் சிக்கல் தனி. சாலை வந்ததால் ஊர் வளர்ந்ததா, ஊர் வளரும் என்று தெரிந்ததால் அங்கே சாலை போட்டார்களா? புவியியலாளர்கள் எட்வர்ட் டாஃப், ரிச்சர்ட் மொரில், பீட்டர் கூல்ட் மூவரும் 1963-இல் கானா, நைஜீரியா போக்குவரத்து வலையமைப்புகளை வைத்து ஒரு வளர்ச்சி வரிசை சொன்னார்கள். சிதறிய சிறு துறைமுகங்கள், பிறகு உள்நாட்டுக்குள் ஊடுருவும் ஓரிரு பாதைகள், பிறகு கிளைகள், கடைசியில் ஒன்றோடொன்று இணைந்த வலை. நேர்த்தியான படம். ஆனால் அந்த ஊடுருவும் பாதைகளைப் போட்டது கனிமமும் விளைபொருளும் ஏற்றவும் ஆட்சியை நிலைநிறுத்தவும் வந்த குடியேற்ற அரசு. அதை இயல்பான "கட்டம்" என்று எழுதும்போது யார் எதற்காகப் போட்டார்கள் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. இன்றைக்கும் பல நகரங்கள் அந்த எலும்புக்கூட்டின் மேல்தான் சதை பிடித்திருக்கின்றன.

பொருளியலாளர்கள் இந்தக் கோழி முட்டைச் சிக்கலை உடைக்க ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். இன்றைய வளர்ச்சியை மனத்தில் வைக்காமல் போட்ட பழைய திட்டத்தைத் தேடிப்பிடித்து, அதை வைத்து இன்றைய சாலையின் விளைவைப் பிரிப்பது. சீன நகரங்களில் 1962-இன் சாலை வலையை வைத்து அப்படிச் செய்தபோது, மையத்திலிருந்து வெளியே பாயும் ஒவ்வொரு நெடுஞ்சாலையும் மைய நகர மக்களில் ஏறக்குறைய 4 விழுக்காட்டினரைச் சுற்றுப் பகுதிக்கு நகர்த்தியது தெரிந்தது. அருமையான வேலை. ஆனால் எல்லா நாட்டுக்கும் 1962-இன் நம்பகமான வரைபடம் இருக்காது.

அதைவிடக் கடினமான ஒன்றைப் பலர் தொடுவதே இல்லை. மெட்ரோ பாதை அறிவித்த நாளிலேயே நிலவிலை ஏறத் தொடங்கும். ரயில் ஓடத் தொடங்கும்போது வாடகைக்கு இருந்தவர்களில் ஒரு பகுதியினர் போய்விட்டிருப்பார்கள். நாம் நிலையத்தைச் சுற்றிக் கணக்கெடுத்து, "இங்கே வசிப்பவர்கள் மெட்ரோவால் நேரம் மிச்சப்படுத்துகிறார்கள்" என்று எழுதுவோம். உண்மைதான். இங்கிருந்து போனவர்கள் இப்போது எத்தனை மணி நேரம் பயணிக்கிறார்கள்? அவர்கள் நம் கணக்கெடுப்பில் இல்லை. அதே மனிதர்களைப் பின்தொடரும் ஆய்வு வேண்டும். இடம்பெயர்ந்தவரின் புது முகவரி கிடைக்காது, கைப்பேசி எண் மாறியிருக்கும். செலவும் உழைப்பும் அதிகம். ஆனாலும் இந்தத் துறையில் யாராவது ஒரே ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டுமென்றால் இதைச் செய்யச் சொல்வேன்.

அணுகல் ஆய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும், இப்போது எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். ஓர் இடத்திலிருந்து நாற்பத்தைந்து நிமிடத்தில் எத்தனை வேலைகளை எட்டலாம் என்ற கணக்கு. வால்டர் ஹேன்சன் 1959-இல் எழுதிய கருத்தின் பேரப்பிள்ளை இது. வேகத்தை விட்டு வாய்ப்பை அளப்பதால் எனக்கும் பிடிக்கும். ஆனால் வேலைகள் எங்கே இருக்கின்றன? உலகத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கைப்படி உலகில் வேலை செய்வோரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் முறைசாரா வேலையில் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் 85 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கட்டடத் தொழிலாளிக்கு இந்த மாதம் ஒரு மூலை, அடுத்த மாதம் இன்னொரு மூலை. தெருவில் விற்பவருக்குத் தெருவே வேலையிடம். பதிவான நிறுவனங்களை மட்டும் புள்ளி வைத்து வரையும் அணுகல் வரைபடம், அலுவலக ஊழியரின் நகரத்தை வரைந்துவிட்டு "நகரம்" என்று தலைப்பிடுகிறது. கட்டணம் இன்னொரு ஓட்டை. அரைமணி நேரத்தில் எட்டலாம் என்று நிரல் காட்டும். கையில் காசில்லாதவர் இரண்டு மணி நேரம் நடப்பார். நேரத்தோடு பணத்தையும் வரம்பாக வைத்துக் கணக்கிடுங்கள். படம் தலைகீழாக மாறும் பகுதிகள் நிச்சயம் இருக்கும்.

யார் பணத்தில் ஆய்வு நடக்கிறது என்பதையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். பெரும்பாலான தரவு ஏதோ ஒரு கட்டுமானத் திட்டத்துக்காக ஆலோசனை நிறுவனம் சேகரித்ததாக இருக்கும். திட்டம் தேறிவிட்டால் அறிக்கை அலமாரிக்குப் போகும், மூலத்தரவு யாரிடமும் இருக்காது. அறிக்கையின் எண்களும் திட்டத்துக்குச் சாதகமாகச் சாய்ந்திருக்கலாம். டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃப்ளைவ்பெர்க்கின் குழு 14 நாடுகளின் 210 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டபோது, ரயில் திட்டங்களின் பயணிகள் கணிப்பு சராசரியாக 106 விழுக்காடு மிகையாக இருந்தது தெரிந்தது. வந்த கூட்டம் எதிர்பார்த்ததில் பாதிதான். கணிப்பைச் சரிபார்க்க நிறுவனங்களும் பத்திரிகைகளும் உள்ள நாடுகளிலேயே இப்படி. கணிப்பு ஆவணமே பொதுவில் இல்லாத இடத்தில் எதை வைத்துச் சரிபார்ப்பது? திட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மறுபடி எண்ணிப் பார்க்கும் பழக்கம் இல்லாமல் கற்றுக்கொள்ள முடியாது என்கிறேன். இன்னொரு சங்கடம், உள்ளூர் ஆய்வாளர் வினாத்தாளோடு வெயிலில் அலைவார், கேள்வியை வடிவமைத்தவர் வேறு கண்டத்தில் இருப்பார், கட்டுரையில் முதல் பெயரும் அவருடையதாக இருக்கும். எந்தக் கேள்வி கேட்கத் தகுந்தது என்பதை அந்த இடைவெளி தீர்மானித்துவிடுகிறது.

சரக்குப் போக்குவரத்தும் விபத்தும் தனித்தனிப் பதில் கேட்கும் விஷயங்கள், இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன். உலக சுகாதார நிறுவனக் கணிப்பில் 2021-இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 11.9 லட்சம் பேர். இதில் 92 விழுக்காடு குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில். காவல்துறைப் பதிவும் மருத்துவமனைப் பதிவும் ஒத்துப்போகாத இடங்களில் விபத்து எங்கே நடந்தது என்ற புள்ளியே தேராது. சரக்கைப் பற்றியோ இன்னும் பேச்சே எழவில்லை. கைவண்டியும் சிறு டெம்போவும் ஊருக்குச் சோறு போடுகின்றன, அவற்றைப் பற்றி எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இனி உங்கள் தலைப்பு. நகரம் முழுவதையும் எடுக்காதீர்கள். ஒரே ஒரு பாதை, அல்லது விளிம்பில் உள்ள இரண்டு மூன்று குடியிருப்புகள் போதும். ஆனால் ஒருமுறை போய்விட்டு வராதீர்கள். மூன்று ஆண்டில் நான்கு முறை போங்கள், அதே வீடுகளுக்கு, அதே வினாக்களோடு. முதல் சுற்றில் வினாத்தாளே வேண்டாம். ஒரு நாள் முழுக்க ஒருவரோடு கூடவே நடந்து, அவர் எதைப் பயணம் என்கிறார், எதை அலைச்சல் என்கிறார், எதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். வினா அதிலிருந்து பிறக்கட்டும். இணைய வரைபடத்திலிருந்து எடுக்கும் பயண நேரத்தைச் சில வழித்தடங்களிலாவது நீங்களே வண்டியில் ஏறிச் சோதித்துப் பாருங்கள். பழைய செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972 முதல் படமெடுக்கிறது. கட்டடம் முதலில் வந்ததா, தடம் முதலில் வந்ததா என்று ஆண்டுவாரியாக அடுக்க அது உதவும். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலையைச் சேர்த்துவிட்டு வாருங்கள். அடுத்து வருபவருக்கு உங்கள் ஆய்வேட்டைவிட அது பயன்படலாம்.

நெறியாளரிடம் போகும்போது "தரவு கிடைக்கும்" என்று வாதாடாதீர்கள், அவர் நம்பமாட்டார். ஏற்கெனவே இருக்கும் தரவு யாரையெல்லாம் விட்டுவிடுகிறது என்பதே என் ஆய்வுக் கேள்வி என்று சொல்லிப் பாருங்கள். ஒரு குடியிருப்பு, ஒரு பழைய கணக்கெடுப்பு அட்டவணை, அதில் ஏறாத முப்பது பேரின் ஒரு நாள் பயணம். இதை நாலு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.